அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான்

என் கணவரை ஓர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். நானே தேடினேன், நானே போய்ப் பார்த்தேன், நானே கையெழுத்துப் போட்டேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் என்னைப் பற்றிப் பேசிய எல்லோரும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள், ஏதோ நான் மூடி மறைத்த விஷயம் போல. நான் எதையும் மறைக்கவில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்தெட்டு. சிட்லபாக்கத்தில் வீடு. நான் பல்லாவரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரே மகள், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவர் பம்மலில் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். பதனிட்டு வரும் தோல்களை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்கிற வேலை. முப்பது வருடமாக அதைச் செய்தவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டேனரி முதலாளி என் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. சார் ஒரு லோடு முழுக்க முதல் தரம்னு எழுதி அனுப்பிட்டார். பாதி ஓட்டையும் தழும்புமா இருக்கு. கேட்டா சண்டைக்கு வர்றார். குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?"

வெற்றிலைகூடப் போடாத மனிதர் அவர். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டைக்குமேல் இன்னொரு சட்டை போட்டிருந்தார். காலையில் நான் அவசரத்தில் கவனிக்கவில்லை. நாள் முழுக்க அப்படியே இருந்திருக்கிறார், யாரும் சொல்லவில்லை.

ஆறு மாதம் டாக்டர் டாக்டராக அலைந்தோம். கடைசியில் நகரத்தில் ஒரு நரம்பு டாக்டர், எங்கள் எதிரிலேயே, "டிமென்ஷியா" என்றார். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

"இந்த வயசுலயா டாக்டர்?"

"அபூர்வம்மா. ஆனா வரும்."

"மருந்து?"

"தூக்கத்துக்கு எழுதித் தர்றேன். நோய்க்கு ஒண்ணும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமா கூடத்தான் செய்யும். நீங்க தைரியமா இருக்கணும்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரின் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே குனிந்து, "இது தோலே இல்லை, ரெக்ஸின். ஏமாத்திட்டாங்க இவரை" என்றார்.

ஒன்றரை வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு எட்டு நாற்பது மின்சார ரயிலைப் பிடிப்பேன். எதிர்வீட்டு அக்கா நல்லவர். ஆனால் அவருக்கும் வீடு வாசல் இருந்தது. இரண்டு முறை அவர் கண்ணில் படாமல் இவர் வெளியே போய்விட்டார். முதல் முறை சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை சேலையூர் பக்கம் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து, கட்டிலில் படுத்துவிட்டார். தன் வீடு என்று நினைத்திருக்கிறார். அந்த வீட்டுப் பெண் கத்த, ஆட்கள் கூடி, திருடன் என்று கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள்.

இவரைத் தெரியும் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. சட்டைப்பையில் நான் எழுதி வைத்திருந்த விலாசச் சீட்டைப் போலீஸ்காரர் ஒருவர் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவிழ்த்துவிட்டார்கள். நான் போனபோது உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "டேனரிக்கு லீவு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே வெட்கப்பட வேண்டிய காரியம் அதுதான். இல்லத்தில் சேர்த்ததை யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், நிமிர்ந்து பதில் சொல்வேன். பூட்டியதற்கு என்னிடம் பதில் கிடையாது. தெருவில் போகிறவர்களை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் தொறந்து விடுங்க, வேலைக்கு நேரமாச்சு" என்று கெஞ்சுவாராம். பதினெட்டு நாள் அப்படிச் செய்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதினெட்டு நாளும் ஒருவர்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. "பாவம், வேற என்ன பண்ணுவா" என்றார்கள். கணவனைப் பூட்டி வைப்பவள் குடும்பப் பெண்தான். வீட்டுக்கு வெளியே அவனுக்கு ஓர் இடம் தேடுகிறவள்தான் கெட்டவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வந்தார். பம்மலில் பூர்வீகக் குடும்பம் அது. இருந்த நிலங்களை மனை போட்டு விற்று, நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர். உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, முடிவெடுத்துவிட்டே வந்தவர் போலச் சொன்னார்:

"பாப்பா இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிக்கறா இல்ல? அதோட நிறுத்திடு. வீட்ல இருந்து அப்பாவைப் பாத்துக்கட்டும். பொண்ணு பாத்துக்கற மாதிரி வருமா? ரெண்டு வருஷம் கழிச்சு நானே மாப்பிள்ளை பாக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து மகள் வந்தாள். "சரி பெரியப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள். பதினேழு வயது. அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த யோசனை அவளுக்குப் புதிதாக வரவில்லை, பல நாளாக மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

"நீ உள்ள போ" என்றேன். போகவில்லை. "உள்ள போடி!" என்று கத்தினேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினேன். "மாமா, அவ காலேஜ் போவா. இவருக்கு நான் ஒரு ஹோம் பார்க்கப் போறேன்."

"ஹோமா? இன்னா ஹோம்? அநாதை ஆசிரமமா?" கோபம் வந்தால் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "நாங்க கூடப்பொறந்தவங்க மூணு பேரு உசிரோட கீறோம். என் தம்பிய ஆசிரமத்துல வுடுவியா நீ?"

"சரி. உயிரோட இருக்கீங்க இல்ல, நீங்க வெச்சுக்குங்க. ஒரு வாரம் போதும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்கறேன்."

இவருடைய வேட்டி சட்டைகளைப் பையில் அடுக்கிக் கொடுத்தேன். அண்ணனுக்கு வேறு வழியில்லை, அழைத்துப் போனார். எங்கே போகிறோம் என்று தெரியாமலே இவர் சிரித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அதே மாதிரி ஓர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அண்ணன் இறங்கவில்லை. டிரைவர்தான் பையை இறக்கி வைத்தார். "வூட்ல பொம்பளைங்களால சமாளிக்க முடியல" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார். இவர் முகத்தில் மூன்று நாள் தாடி. போட்டிருந்த சட்டை நான் உடுத்தி அனுப்பியது. உள்ளே வந்து, சுவரோரமாக நின்று, என்னைப் பார்த்து அழுதார். காரணம் அவருக்கும் தெரிந்திருக்காது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றிய அதே நிமிடத்தில், ஒரு வாக்குவாதத்துக்காக அவரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன் என்பதும் உறைத்தது. அன்றைக்கு அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். இனி இவரை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேட ஆரம்பித்தேன். மறுபடி பூட்டுப் போடவில்லை; மகளும் எதிர்வீட்டு அக்காவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் இந்த நோய்க்கென்று தனியாக ஓர் இல்லம் இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அலுவலகத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவத் தோழி ஐந்தாறு முதியோர் இல்லங்களின் விலாசம் எழுதிக் கொடுத்தாள்.

முதலில் பார்த்தது ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, பூந்தோட்டமும் ஊஞ்சலுமாக இருந்தது. மேனேஜர் ஃபாரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "அறுபது வயசு ஆகலையே மேடம். அதுவுமில்லாம, புத்தி தெளிவா இருக்கறவங்களைத்தான் சேர்த்துக்கறோம். மத்தவங்களுக்குத் தொந்தரவு பாருங்க."

"புத்தி தெளிவா இருந்தா நான் ஏன் சார் இங்க கொண்டுவரப் போறேன்?" என்றேன். பதிலுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்.

இரண்டாவது இடம் வண்டலூர் தாண்டி. யாரையும் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். ஹாலைக் காட்டவே யோசித்தார்கள். நான் பாட்டுக்கு நடந்து உள்ளே போனேன். வரிசையாக இரும்புக் கட்டில்கள். மூன்றாவது கட்டிலில் ஒரு மனிதரின் இரண்டு கையையும் கிழிந்த புடவைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது. ஓட்ட முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

"எழுந்து ஓடிடுவார் மேடம். சாயந்தரம் அவுத்து விட்டுடுவோம்."

நான் போய் முடிச்சை அவிழ்த்தேன். ஒருவன் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டான். கத்தினேன். வார்த்தைகள் ஞாபகமில்லை, கத்தியது ஞாபகமிருக்கிறது. என்னை வெளியே தள்ளி கேட்டைச் சாத்தினார்கள். திரும்பவும் அவரைக் கட்டியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஒரு புகார் எழுதி டைப் அடித்து இரண்டு அரசு அலுவலகங்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

இப்படியே நாலு இடம், ஐந்து இடம். ஒன்றில் மூத்திர நாற்றம் வாசலிலேயே மூக்கைத் துளைத்தது. இன்னொன்றில் எல்லோருக்கும் மொட்டை போட்டிருந்தார்கள், ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல். பேன் வராதாம். ஆறாவதாகப் போனதுதான் பள்ளிக்கரணை வீடு.

அதற்குப் போர்டுகூட இல்லை. சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி, தென்னை ஓலை வேலி போட்ட சாதாரண வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து ரிட்டயர் ஆன நர்ஸ் அம்மா ஒருவர் நடத்தினார். சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேருக்கு ஞாபகம் போயிருந்தது. நான் எடுத்துப் போன மெடிக்கல் ரிப்போர்ட்டை சிஸ்டர் பிரிக்கவே இல்லை.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பார்?"

"அஞ்சு."

"என்ன வேலை பார்த்தார்?"

சொன்னேன்.

"கோபம் வந்தா அடிப்பாரா?"

"சில நேரம்."

"எந்த நேரம்னு யோசிச்சிருக்கீங்களா?"

யோசித்திருக்கவில்லை. குளிக்கும்போது சட்டையைக் கழற்றினால்தான் என்பது சிஸ்டர் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. அடிபட்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இவர் உட்கார்ந்திருந்த கோலம் உடனே நினைவுக்கு வந்தது. மேலே கை பட்டாலே அடிக்க வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"ரூமைப் பூட்டுவீங்களா சிஸ்டர்?"

"கேட்டைப் பூட்டுவேன். வெளிய சேறும் தண்ணியும், போனா போனதுதான். ரூமைப் பூட்ட மாட்டேன், யாரையும் கட்ட மாட்டேன். ஆனா விழுவாங்க. விழ மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்தது. மற்ற இடங்களில் எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து, அலுவலகத்துக்கு லீவு போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். யாராவது இப்படி இடம் தேடினால் நான் சொல்வது இது ஒன்றுதான்: சொல்லிவிட்டுப் போகாதே, சாப்பாட்டு நேரத்தில் போ. நான் போனபோது ஒரு வயதான அம்மாள் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தார். சாம்பார் சாதம் என் செருப்பு வரை வந்து விழுந்தது. அங்கே வேலை பார்த்த ஆயா, கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பெரிம்மா, சோறு புடிக்கலியா? சரி வுடு. இன்னொரு தட்டு எடுத்தாரேன். அதையும் வீசு, எவ்ளோ தூரம் போவுதுன்னு பாக்கலாம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இரண்டாவது தட்டைச் சாப்பிட்டார். நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

சேர்க்கிற நாளன்று அவரிடம் என்ன சொல்வது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல், டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல், எப்படியும் மறந்துவிடுவார். மறந்துவிடுவார் என்பதற்காக இருபத்து மூன்று வருடம் வாழ்ந்தவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவில் போகும்போதே சொன்னேன். "என்னங்க, நீங்க இனிமே இங்க தங்கப் போறீங்க. நான் வேலைக்குப் போயிட்டு வந்து பாப்பேன்."

மேடவாக்கம் வரை ஆட்டோ சீட்டைத் தடவிக்கொண்டே வந்தார். பள்ளிக்கரணை வீட்டு வாசலில் இறங்க மறுத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னை எங்க விட்டுட்டுப் போற?" என்று கேட்டார். அவ்வளவு தெளிவாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "வேணாம்னா திருப்பிடட்டுமாக்கா?" என்றார்.

திருப்பச் சொல்லியிருப்பேன். பக்கத்தில் என் மகள், கல்லூரி விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்கிய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வேண்டாம்ணே, நிக்கட்டும்" என்றேன். அரை மணி நேரம் நின்றோம். ஆயா வந்து வண்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார். அவரை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே இறங்கிப் போய், ஒரு கீரை இலையை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஊர் பேச ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்புக்கு என்னைத் தவிர மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். கோயிலில் ஒருத்தி என் காதில் விழும்படியாகவே, "தாலி கட்டினவனை ஆசிரமத்துல தள்ளிட்டு, இதுக்குப் பூவும் பொட்டும் வேற" என்றாள். நான் நின்று திரும்பினேன். "அவர் உயிரோட இருக்கார். அதனால பூ வைக்கறேன். நீங்க அவரை ஒருநாள் வந்து பாத்திருக்கீங்களா? பள்ளிக்கரணைதான். பஸ் நம்பர் சொல்லட்டுமா?" என்றேன். அவள் பிரகாரம் சுற்றப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வழக்கமாக வைப்பதைவிட ஒரு முழம் கூடவே வைத்துக்கொண்டு போனேன். கணவரின் குடும்பத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பத்திரிகை வந்ததோ இல்லையோ, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகளுடன் போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமல் தாண்டிப் போன ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தேன்.

செவ்வாய், வியாழன், ஞாயிறு அவரைப் பார்க்கப் போவேன். என் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது. மகள் ட்யூஷன் எடுத்தாள். எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் நாலு தையல். எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள். சிஸ்டரிடம் பெரிய சண்டை போட்டேன். "என் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ண ஒரு ரூபா காசில்லையா உங்ககிட்ட?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்து, "தப்புதான்" என்றார். அதற்குப் பிறகு தும்மினால்கூட ஃபோன் வந்தது.

இரண்டாம் வருடம் அவருக்கு நான் யாரென்று தெரியாமல் போனது. அடிக்கடி வந்து போகிற யாரோ ஓர் அம்மா என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் மரியாதையாக, "உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" என்று கேட்டார்.

"பம்மல்ல. டேனரியில."

"நல்ல வேலை. கஷ்டம். ஆனா நல்ல வேலை" என்றார். "நல்லவரா?"

"ஆமாங்க. நல்லவர்."

"அப்ப சரி" என்று தலையாட்டினார். நான் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு வருடம் இருந்தார். மகள் பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்த வருடம் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயும் மூன்று நாள்தான். கட்டாத கைகளோடு போனார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதுவரை எட்டிப் பார்க்காத உறவெல்லாம் வந்து நிறைந்தது. அண்ணன் நாற்காலி போடச் சொன்னார், பந்தல் போடச் சொன்னார், மேளக்காரர்களை வரச் சொன்னார். தன் மகன்தான் கொள்ளி வைப்பான் என்றார். சரி என்றேன். எல்லாச் சண்டையையும் போட வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்கு, "நேரமாவுது, தூக்கலாம்" என்றார்.

"இன்னும் ஒருத்தர் வரணும் மாமா" என்றேன்.

"யாரு? எல்லாரும்தான் வந்தாச்சே."

"ஹோம்ல இவரைப் பாத்துக்கிட்ட ஆயா வர்றாங்க. பஸ்ஸுல வர்றாங்க. அவங்க வந்தப்புறம்தான் தூக்கணும்."

"வேலைக்காரிக்காகப் பொணத்தை வெச்சுக்கினு உக்காருவாங்களா? அக்கம்பக்கம் இன்னா பேசும்?"

"பேசட்டும். நாலு வருஷமா பேசிட்டுத்தானே இருக்காங்க."

நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன், யாரும் தாண்டிப் போக முடியாதபடி. எதிர்வீட்டு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், மறுபக்கம் என் மகள். மேளக்காரர்கள் வேப்பமரத்தடிக்குப் போய் பீடி பற்றவைத்தார்கள். ஐம்பது நிமிடம் அப்படியே போனது. தெருமுனையில் ஆயா ஓடிவருவது தெரிந்தது, ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் சாமந்தி மாலை. நான் எழுந்து வழிவிட்டேன்.